பழைய படமும் எதிரே இருக்கும் முகமும்: திருகோணமலையில் எண்ணெய் வர்ண உருவப்படம் கீறுவது

திருகோணமலையில் எண்ணெய் வர்ணத்தில் உருவப்படம் கேட்டு வருகிற வீடுகளில் முக்கால்வாசிக்கு வேண்டியது இறந்துபோன ஒருவரின் படம். கையில் இருப்பது ஒரு அடையாள அட்டைப் படம், அல்லது கலியாண வீட்டுக் கூட்டப் படத்தில் மூன்றாம் வரிசையில் பாதி மறைந்த முகம், அல்லது வட்ஸ்அப்பில் நாலு பேரிடம் கைமாறி மங்கிப்போன ஒன்று. இடப்பெயர்வில் பெட்டியோடு அல்பத்தை விட்டுவிட்டு வந்தவர்கள், 2004 டிசம்பர் 26 கடலுக்கு வீட்டையே கொடுத்தவர்கள் இந்தக் கரையெங்கும் இருக்கிறார்கள். அவர்களிடம் "இன்னொரு நல்ல படம் இருக்கோ?" என்று கேட்பதற்கே சங்கடமாக இருக்கும்.

ஆகவே இங்கே உருவப்படம் கீறப் பழகுகிற எவரும் புகைப்படத்தைப் பார்த்துக் கீறுவதோடுதான் தொடங்குகிறார்கள். சிக்கல் அங்கேதான். படத்தை மட்டும் பார்த்துப் பழகிய கைக்கு அந்தப் படம் எதைச் சொல்கிறது, எதை விட்டுவிட்டது என்று பிரித்தறியத் தெரியாது. முகத்தின் அமைப்பைப் படம் தரும். தோலின் நிறத்தை அநேகமாகத் தராது. நிழலுக்குள் இருப்பதைத் தரவே தராது. இந்த இரண்டையும் எதிரே கதிரையில் இருக்கிற ஒரு ஆளிடமிருந்துதான் எடுக்க வேண்டும். இறந்தவருக்கு மகளோ தம்பியோ பேரனோ இருந்தால் அவரை இரண்டு தரம் வந்து இருக்கச் சொல்லுங்கள். செலவில்லாத, ஆனால் பலர் செய்யாத வேலை இது. தகப்பனின் தோல் நிறம் மகளின் முன்கையிலும் காதோரத்திலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

முதலில் படங்களைப் பார்ப்போம்.

வீட்டார் ஒரு படத்தைத் தெரிவுசெய்து கொண்டுவருவார்கள். அதை வாங்கிக்கொண்டு, மிச்சம் எல்லாவற்றையும் கேளுங்கள்: மங்கியது, கிழிந்தது, பக்கவாட்டில் தெரிவது, சிரிப்பது, இருபது வயதில் எடுத்தது. கீறப்போவது ஒரு படத்தைத்தான் என்றாலும், மூக்கு எவ்வளவு முன்னுக்கு நிற்கிறது என்று நேர்முகப் படத்தில் தெரியாது. பக்கவாட்டுப் படம் ஒன்று அதைச் சொல்லிவிடும். காது தலையோடு ஒட்டியிருக்கிறதா விலகியிருக்கிறதா, தாடை எங்கே திரும்புகிறது என்பதும் அப்படித்தான்.

ஸ்ரூடியோவில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பார்க்க அழகு, ஆனால் இரண்டு விதத்தில் ஏமாற்றும். ஒன்று, சிவப்பு ஒளியை உணராத பழங்கால பிலிமில் சிவப்பு எல்லாம் கறுப்பாக விழும், நீலம் வெள்ளையாகப் போகும். குங்குமப் பொட்டு மைப்பொட்டு மாதிரி இருக்கும். உதடு உண்மையைவிடக் கறுத்திருக்கும். மாநிறமான ஆள் நல்ல கறுப்பாகத் தெரிவார். வெள்ளைச் சாறி என்று நினைப்பது வெளிர் நீலமாக இருந்திருக்கலாம். வீட்டில் மூத்தவர் யாரிடமாவது கேட்டுவிடுங்கள். இரண்டாவது, நெகட்டிவில் பென்சிலால் சுருக்கங்களை நிரவுவது அந்தக்கால ஸ்ரூடியோக்களின் வழக்கம். கண்ணுக்குக் கீழும் மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கும் கோட்டிலும் சந்தேகப்படும் அளவுக்கு வழுவழுப்பு இருந்தால், அது பென்சிலின் வேலை. அந்த இடத்தை அப்படியே கீறினால் மெழுகுப் பொம்மை வரும்.

எழுபதுகள், எண்பதுகளின் கலர்ப் படங்கள் அல்பத்துக்குள் இருட்டிலேயே இருந்து செந்நிறமாகப் போயிருக்கும். படத்திலுள்ள மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதால் வரும் வினை இது. இதைக் கம்பியூட்டரில் திருத்தி உண்மை நிறத்தை மீட்கலாம் என்று மெனக்கெட வேண்டாம். கறுப்பு வெள்ளையாக மாற்றி, வெளிச்சம் எது நிழல் எது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது போன் படம். கைநீட்டு தூரத்தில் எடுத்த செல்பியில் மூக்கு பெருத்து, நெற்றி பிதுங்கி, காதுகள் பின்னுக்கு ஒளிந்திருக்கும். ஆளை நேரில் பார்க்கும்போது நாம் ஆறேழு அடி தள்ளி நின்றுதான் பார்க்கிறோம்; "முகம் அவற்றைதான், ஆனா என்னவோ ஒண்டு பிழை" என்று வீட்டார் சொல்வதற்குப் பாதிக் காரணம் இந்தத் தூரம். புதிதாக எடுக்க வாய்ப்பிருந்தால் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு சூமில், கண் மட்டத்தில் வைத்து எடுங்கள். முகத்தை அழகாக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். அது தோலை வெளுப்பாக்கி, துளைகளையும் மச்சத்தையும் அழித்துவிடும்.

சில போன்கள் செல்பியைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாற்றிச் சேமிக்கும். கண்டுபிடிக்க எளிய வழிகள் உண்டு: சாறியின் தலைப்பு இடது தோளில் விழ வேண்டும், சேட்டுப் பை இடது நெஞ்சில் இருக்க வேண்டும். தலை வகிடும் மூக்குத்தியும் எந்தப் பக்கம் என்று வீட்டாரிடம் கேளுங்கள். இடம்வலம் மாறிய அம்மாவைப் பிள்ளைகள் ஒரு நொடியில் பிடித்துவிடுவார்கள், என்ன பிழை என்று சொல்லத் தெரியாவிட்டாலும்.

அடையாள அட்டை அளவுப் படத்தை, அதாவது 35க்கு 45 மில்லிமீட்டர், 1200 டிபிஐயில் ஸ்கான் செய்தால் ஏறக்குறைய 1650க்கு 2120 புள்ளிகள் கிடைக்கும். அதற்கு மேல் போனால் தாளின் நார்தான் பெரிதாகும். பட்டுத்துணி மாதிரிப் புள்ளிபோட்ட தாளில் அச்சிட்ட படங்களை ஸ்கான் செய்யாதீர்கள். ஒவ்வொரு புள்ளியும் மின்னும். யன்னலோரம் சாய்வான வெளிச்சம் நேரே விழாதபடி வைத்து, கமராவைப் படத்துக்குச் சமாந்தரமாகப் பிடித்து, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். பிரேமின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்கவே கூடாது. ஈரப்பதத்தில் படத்தின் ஜெலற்றின் இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொண்டிருக்கும். உரித்தால் முகம் கண்ணாடியோடு போகும். கண்ணாடிக்கு மேலாலேயே எடுத்துக்கொள்ளலாம். பூஞ்சை பிடித்த படத்தை ஈரத்துணியால் துடைப்பதும் இதே கணக்குத்தான்.

உருவத்தைக் கன்வஸுக்கு மாற்றுவதில் கட்டம் போடும் பழைய முறைதான் எங்கள் தெரிவு. ஏ4 தாளில் கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்து ஒரு அங்குலக் கட்டம், கன்வஸில் அதன் இரண்டு மடங்கு அல்லது ஒன்றரை மடங்கு. புரொஜெக்டர் போட்டு வரைந்தால் வேகம்தான். ஆனால் லென்ஸின் கோணல் எல்லாம் கேள்வியில்லாமல் கன்வஸில் ஏறிவிடும். கட்டம் போடும்போது ஒவ்வொரு சதுரத்திலும் கண் நின்று யோசிக்கிறது. அதற்காகத்தான் அந்த மெனக்கேடு.

இனி ஆளை இருத்துவது. இதில் முதல் கேள்வி யன்னல் எது என்பது.

ஐரோப்பியப் புத்தகங்கள் எல்லாம் வடக்கு யன்னல் என்கின்றன. அங்கே சூரியன் நடுப்பகலில் வடக்கே வருவதில்லை; அதனால் வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும். திருகோணமலை வடக்கு அகலாங்கு எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகலில் எங்களுக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் நடுவில் உச்சியிலிருந்து 15 பாகை வடக்கு. இந்த மாதங்களில் வடக்கு யன்னலில் காலையிலும் பின்னேரத்திலும் வெயில் சரிந்து உள்ளே விழும். தெற்கு யன்னலில் நாள் முழுக்க ஒரு சொட்டு வெயில் விழாது. ஆகவே ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் வரை தெற்கு யன்னல், செப்டெம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை வடக்கு யன்னல். இடைப்பட்ட வாரங்களில் காலை மாலை தவிர்த்து, பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல அகலமான விறாந்தைக் கூரை இருந்தால் அந்த நேரத்து வெயிலை அதுவே தடுத்துவிடும்.

கடல் பார்த்த வீடுகளில், டச்சுக் குடாப் பக்கமோ உப்புவெளியோ, கடலிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் தாடைக்குக் கீழே ஏறி நிழலைக் கரைத்துவிடும். யன்னலின் கீழ்ப் பாதியை மூன்றடி உயரத்துக்குக் கறுப்புத் துணியால் மூடினால் வெளிச்சம் மேலிருந்து சரிந்து வரும், கண்குழியும் கன்ன எலும்பும் உருவம் எடுக்கும். தரையும் பேசும். மெருகிட்ட சிவப்புச் சீமெந்துத் தரையுள்ள அறையில் ஒரு ஆளை இருத்திவிட்டு அவரின் தாடையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: செங்கல் நிறம் ஏறியிருக்கும். அதை நிழலின் சொந்த நிறம் என்று நினைத்துக் கீறுவோர் பலர். சாம்பல் நிறப் பாயோ பழைய சாக்கோ விரித்தால் போகும். பச்சை டிஸ்டெம்பர் அடித்த சுவருக்குப் பக்கத்தில் இருத்தினாலும் காதோரம் அதே வில்லங்கம்.

மாரியில், நவம்பரிலிருந்து ஜனவரி வரை, மேகம் போவதும் வருவதுமாக வெளிச்சம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். அப்போது லாம்பு தேவை. ஹாட்வெயார் கடையில் டே லைட் என்று விற்கும் 6500 கெல்வின் எல்இடி தோலைச் சாம்பலாக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றின் நிறத் துல்லியக் குறியீடு (சிஆர்ஐ) 80 அளவில்தான், சிவப்பு செத்துப்போகும். பெட்டியில் சிஆர்ஐ 95 அல்லது அதற்கு மேல் என்றும் 5000 கெல்வின் என்றும் போட்டிருப்பதைத் தேடி வாங்குங்கள். ஆளுக்கு ஒன்று, கன்வஸுக்கு அதே வகையில் இன்னொன்று.

இருக்க வருகிறவர் பெரும்பாலும் முகத்துக்குப் பவுடர் பூசி, நகை போட்டு, கலியாணத்துக்கு வருவதுபோல வருவார். பவுடரை மட்டும் கழுவச் சொல்லுங்கள். பவுடர் பூசிய தோலில் பளபளப்பு இல்லை. நெற்றியின் வளைவையும் மூக்கு நுனியையும் காட்டுவது அந்தப் பளபளப்புத்தான். முதல்நாளே சொல்லிவிட்டால் மனக்கசப்பு வராது.

கதிரையின் நாலு கால்களையும் தரையில் சோக்கால் குறியுங்கள், பாதங்களையும். கண் எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே சுவரில் ஒரு துண்டுத் தாள் ஒட்டுங்கள். இருபது நிமிடம் இருப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு. எழுபது தாண்டியவருக்குப் பதினைந்து நிமிடமே அதிகம். பத்தாவது நிமிடத்தில் வாயின் ஓரங்கள் தொய்யும், முகத்தில் ஒரு சலிப்பு வரும். முதல் ஐந்து நிமிடத்தில் வாயையும் கண்ணையும் பார்த்து, மிச்ச நேரத்தில் தலைமயிர், கழுத்து, சாறி என்று போங்கள். "ஆச்சி, நித்திரை கொள்ளாதேங்கோ" என்று அதட்டுவதைவிட ஒரு ஊர்க்கதை கேட்பது பலன் தரும். மின்விசிறியைத் தலைக்கு மேலே போட்டால் சாறித் தலைப்பும் முன்மயிரும் நிலைகொள்ளாது. பக்கவாட்டில் மேசை விசிறி வைக்கலாம். குழந்தைகளை இருத்த முயல வேண்டாம். நிறத்துக்குப் பத்து நிமிடம் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, உருவத்துக்குப் படத்துக்குப் போய்விடுங்கள்.

கன்வஸை ஆளுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, ஏழெட்டு அடி பின்னால் போய் இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்து, முன்னால் வந்து ஒரு தீற்றல் வைத்து, மறுபடி பின்னால் போவது நல்ல பழக்கம். கால் வலிக்கும். கைக்கண்ணாடி ஒன்றில் கன்வஸைத் திருப்பிப் பார்த்தால் கண்கள் சமமட்டத்தில் இல்லாதது உடனே தெரியும். தலையை உயிர் அளவைவிடச் சற்றுச் சிறிதாக, தலை உச்சியிலிருந்து தாடை வரை எட்டு அங்குலம் அளவில் கீறுங்கள். சரியாக உயிர் அளவில் கீறிய தலை சுவரில் தொங்கும்போது பெருத்துத் தெரியும்.

நிறம். இதற்குத்தான் இவ்வளவு பாடும்.

மேல்நாட்டுப் புத்தகங்களின் தோல் நிறக் கலவை வெள்ளையில் தொடங்கும்: நிறைய வெள்ளை, கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் மஞ்சள். அதையே கறுப்பாக்கி எங்கள் முகங்களுக்குப் பூசினால் சுண்ணாம்பு கலந்த சாக்லேட் வரும். எங்கள் தோலுக்கு மண் நிறங்களில் தொடங்க வேண்டும். தட்டில் இவை போதும்: டைட்டேனியம் வெள்ளை, மஞ்சள் ஓக்கர், பேர்ன்ட் சியன்னா, ரோ அம்பர், பேர்ன்ட் அம்பர், கட்மியம் சிவப்பு, நிலைத்த வகை அலிசரின் சிவப்பு, அல்ட்ரா மரீன் நீலம், விரிடியன் பச்சை. நிலைத்த வகை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் மங்கும், மெல்லிதாகப் பூசிய உதடும் கன்னமும்தான் முதலில் போகும். கறுப்பு டியூப் தேவையில்லை. அல்ட்ரா மரீனும் பேர்ன்ட் அம்பரும் சேர்ந்தால் அதைவிட உயிருள்ள கறுப்பு வரும். வெள்ளையில் மட்டும் பெரிய டியூப், 200 மில்லிலீட்டர், வாங்குங்கள். வாங்கும்போது சிங்க் வெள்ளையைத் தவிருங்கள். சிங்க் கலந்த படலம் காலப்போக்கில் இறுகி நொறுங்கும்.

ஆள் வருமுன் ஐந்து குவியல் கலந்து வையுங்கள். நடுத்தர மாநிறத்துக்கு ஒரு தொடக்கம்: ஓக்கர் மூன்று பங்கு, பேர்ன்ட் சியன்னா இரண்டு பங்கு, வெள்ளை அரைப் பங்கு. இது நடுவெளிச்சம். அதில் ஒரு பகுதியை எடுத்து ஓக்கரும் வெள்ளையும் கூட்டினால் வெளிச்சம். நிழலுக்குப் பேர்ன்ட் சியன்னா இரண்டு, அல்ட்ரா மரீன் ஒன்று, அலிசரின் ஒரு துளி. இதில் வெள்ளை வேண்டாம். ஆழ் நிழலுக்கு அதே கலவையில் நீலத்தையும் அம்பரையும் கூட்டுங்கள். ஐந்தாவதுதான் முக்கியம்: வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடைநிறம். நடுவெளிச்சக் குவியலோடு ரோ அம்பரும் விரிடியன் மிகச் சிறிதும் சேர்த்தால் ஒரு மங்கிய ஒலிவ் பச்சை வரும். தட்டில் பார்த்தால் அருவருப்பாக இருக்கும். கன்னத்தில் வைத்ததும் தோலாகிவிடும். இந்தப் பச்சையைப் புகைப்படத்தில் யாரும் காண முடியாது; எதிரே இருக்கும் ஆளின் கழுத்திலும் கன்னத் திருப்பத்திலும் கண்டிப்பாகக் காணலாம்.

முகம் முழுக்க ஒரே நிறம் இல்லை. நெற்றி மஞ்சள் பக்கம் சாயும்; மூக்கு, கன்னம், காது சிவப்புப் பக்கம்; வாயைச் சுற்றியும் தாடையும் சாம்பல் பக்கம், சவரம் செய்த ஆண்களுக்கு நீலம் கலந்த சாம்பல். உதடு சிவப்பு இல்லை, கபிலமும் ஊதாவும். கறுத்த தோலில் மினுக்கம் கூர்மையாகவும் குளிர்ந்த நிறமாகவும் இருக்கும், ஏனென்றால் அது யன்னலுக்கு வெளியே உள்ள வானத்தின் நிறம். அதற்கு வெள்ளையோடு நடுவெளிச்சக் குவியலும் அல்ட்ரா மரீன் ஊசி முனையளவும். நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று, கீழுதட்டில் ஒன்று. நாலாவது இடம் தேடினால் முகம் வியர்த்துப்போகும். தேங்காய் எண்ணெய் வைத்த தலைமயிரின் மினுக்கமும் இதே நீலச் சாம்பல்தான். வெள்ளையில் கோடு இழுத்தால் நரைத்த தலை என்பார்கள்.

கண் வெள்ளை வெள்ளையே இல்லை. வயதானவரில் அது மங்கிய மஞ்சள் சாம்பல், மேல் இமையின் நிழல் வேறு அதில் விழும். முதியவர்கள் பலரின் கருவிழி ஓரத்தில் ஒரு வெளிறிய வளையம் இருக்கும்; பழைய படத்தில் அது தெரியாது, ஆனால் அறுபது தாண்டிய முகத்துக்கு அது இருந்தால்தான் கண் வயதுக்குப் பொருந்தும்.

திருநீற்றை எல்லாருமே ஈர வர்ணத்தில் வெள்ளையாகக் கோடு போட்டுக் கெடுக்கிறார்கள். நெற்றி தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயட்டும். பிறகு வெள்ளையோடு ரோ அம்பர் சிறிது கலந்து, பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக் கிட்டத்தட்ட வெறுமையாக்கி, மூன்று விரல் போகிற போக்கில் லேசாக இழுங்கள். கன்வஸின் நெசவு மேடுகளில் மட்டும் வர்ணம் பிடித்துப் பள்ளங்களில் தோல் தெரியும். திருநீறு அப்படித்தான் இருக்கிறது. நெற்றியின் நிழல் பக்கத்தில் அதுவும் நிழலுக்குள் போக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். தாலிக்கொடிக்கும் தோட்டுக்கும் தங்க நிற டியூப் வாங்காதீர்கள். பேர்ன்ட் அம்பரில் முழு வடிவம், ஓக்கரில் பாதி, கடைசியில் வெள்ளையும் ஓக்கரும் கலந்து நாலைந்து புள்ளி. அவ்வளவில் தங்கம் வந்துவிடும்.

"கொஞ்சம் வெள்ளையாக் கீறுங்கோ தம்பி" என்று சொல்லாத வீடு இல்லை. வாதாடிப் பயனில்லை. வெளுப்பாக்கினால் சாயல் போய்விடும் என்பதை ஒரு சிறு பலகையில் இரண்டு விதமாகவும் கீறிக் காட்டினால் அநேகர் உண்மை நிறத்தையே எடுப்பார்கள். வெளிச்சக் குவியலில் வெள்ளையைக் கூட்டாமல், பின்னணியைக் கறுப்பாக்கினால் முகம் தானாகவே ஒளிர்ந்து தெரியும். இரு பக்கமும் சமாதானம்.

எங்கள் நிறத்தை எண்ணெயில் எப்படிக் கையாண்டார்கள் என்று பார்க்க விரும்புவோர் கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் பவுண்டேஷனுக்குப் போகலாம். 1943இல் தொடங்கிய 43 குழு என்ற நவீன ஓவியர் குழுவைச் சேர்ந்த ஹரி பீரிஸின் வீடு அது. அவர் முக்கியமாக உருவப்படக்காரர். கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயத்தில் டேவிட் பெயின்டரின் சுவரோவியங்களில் பைபிள் ஆட்கள் இந்நாட்டு முகங்களோடும் மேனிகளோடும் நிற்பதையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அச்சுப் புத்தகத்தில் அந்த நிறங்கள் வராது.

இப்போது காலக்கணக்கு. வீட்டார் பெரும்பாலும் இறந்த 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குப் படம் வேண்டும் என்பார்கள். எண்ணெய் வர்ணத்துக்கு அது ஒத்துவராது என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை இழுத்து இறுகுகிறது. மேலே தோல் பிடித்தபின்னும் உள்ளே மாதக்கணக்கில் வேலை நடக்கும். இங்குள்ள சூட்டில் அம்பர் கலந்த மெல்லிய படை ஒரு நாளிலேயே தொட்டால் ஒட்டாது. டைட்டேனியம் வெள்ளை அதிகமுள்ள நெற்றியும் வெள்ளைச் சேட்டும் ஒரு கிழமை எடுக்கும். அந்தியேட்டிக்கு நல்லதொரு புகைப்படப் பிரதி பிரேம் போட்டுக் கொடுக்கட்டும். ஓவியத்தை ஆண்டுத் திவசத்துக்கு ஒப்புக்கொள்ளுங்கள். வார்னிஷ் அடிக்க ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் பொறுக்க வேண்டும் என்பதால் அந்தக் கணக்கு இயல்பாகவே பொருந்தும்.

படைகளின் ஒழுங்கு ஒன்றே ஒன்று: கீழே எண்ணெய் குறைவு, மேலே போகப்போக எண்ணெய் கூட. முதற்படை டர்பன்டைனில் மட்டும் கரைத்த அம்பர். இரண்டாவது டியூப்பில் உள்ளபடி. மூன்றாவதில் ஆளிவிதை எண்ணெய் சில துளி. தலைகீழாகச் செய்தால், மேலே உள்ள படை முதலில் இறுகி, கீழே உள்ளது பிறகு அசையும்போது வெடிக்கும். அவசரமென்றால் எல்லாப் படையிலும் அல்கிட் ஊடகம், லிக்வின் போன்றது, கலக்கலாம். அடுத்த நாள் காய்ந்துவிடும். ஹாட்வெயார் கடையின் போயில்ட் லின்சீட் ஒயில் மரக்கதவுக்கு உரியது. அதிலுள்ள உலர்த்திகள் படத்தைக் கறுக்கவைக்கும். அதே கடையில் மலிவாக விற்கும் மினரல் டர்பன்டைன் பிரஷ் கழுவப் போதும், ஆனால் டமர் வார்னிஷ் அதில் சரியாகக் கரையாது.

மே மாதத்திலிருந்து தென்மேற்குக் கச்சான் காற்று அடிக்கும்போது தட்டில் வர்ணம் சீக்கிரமே தோல் பிடிக்கும், டர்பன்டைன் கிண்ணம் பார்த்துக்கொண்டிருக்கவே வற்றும், மணலும் தூசும் ஈர வர்ணத்தில் வந்து ஒட்டும். காற்று வரும் பக்கக் கதவைச் சாத்தி, காயும் படத்தைச் சுவரைப் பார்க்கச் சற்றுச் சரித்து நிறுத்துங்கள். ஆனால் காய்ந்தபின் அப்படியே சுவர்ப்பக்கம் திருப்பி மாதக்கணக்கில் விட்டுவிடக் கூடாது; ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும். அப்படி ஆகிவிட்டால் நேர் வெயில் படாத வெளிச்சமான அறையில் சில கிழமை வைத்தால் பெருமளவு தெளியும்.

இரண்டு படத்திலிருந்து இரண்டு பேரை ஒரே ஓவியத்தில் சேர்க்கும் வேலை இங்கே அடிக்கடி வரும். நாற்பது வயதில் போன கணவன், எழுபது வயது மனைவி. வெளிச்சம் ஒத்துவருகிறதா என்பதை முதலில் பாருங்கள். ஒருவருக்கு இடப்பக்கம், மற்றவருக்கு வலப்பக்கம் வெளிச்சம் என்றால், அம்மா உயிரோடு இருக்கிறாரே, அவரையே அப்பாவின் படத்து வெளிச்சத்துக்கு ஏற்ப யன்னலோரம் இருத்துங்கள். இறந்தவரின் படத்தை இடம்வலம் புரட்ட வேண்டாம். தலைகளின் அளவுக்கு, நேர்முகமாக இருந்தால், கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை அளவுகோலாக எடுக்கலாம். வளர்ந்தவர்களுக்கு அது சராசரியாக 63 மில்லிமீட்டர், ஆளுக்கு ஆள் பெரிதாக மாறாது. முகம் திரும்பியிருந்தால் புருவத்திலிருந்து தாடை வரையுள்ள உயரம். இருவரின் கண்களும் பார்க்கும் திசை முட்டிக்கொள்ளக் கூடாது. கணவனை எழுபது வயதாக்கிக் கீறச் சொன்னால் மறுத்துவிடுவதே நல்லது. யாருமே பார்த்திராத முகத்துக்குச் சாயல் சரியா என்று யார் சொல்வது?

எதன்மேல் கீறுவது என்பதில் கடற்கரை ஊருக்கென்று கவலைகள் உண்டு. பருத்திக் கன்வஸ் மாரியில் தொய்ந்து கச்சானில் இறுகும். வருடக்கணக்கில் இந்த இழுபறி வர்ணத்தில் வெடிப்பாக வரும். எம்டிஎப் பலகை ஓரத்தால் ஈரம் குடித்து ஊதும். பதினெட்டுக்கு இருபத்துநாலு அங்குலம் வரை எங்கள் சிபாரிசு, பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் மிஞ்சும் அலுமினியக் கலப்புப் பலகை, ஏசிபி என்று கேட்டால் தருவார்கள். பாதுகாப்புப் படலத்தை உரித்து, 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, துடைத்து, அக்ரிலிக் ஜெஸ்ஸோ எனும் வெள்ளை அடிப்பூச்சு மூன்று படை, ஒவ்வொன்றும் காய்ந்தபின். மூன்று நாள் விட்டு வர்ணம் ஏற்றலாம். ஊதாது, வளையாது, கறையான் தின்னாது. கன்வஸ்தான் வேண்டுமென்றால் இரும்பு ஆணிக்குப் பதில் துருப்பிடிக்காத ஸ்டேபிள் பாவியுங்கள். உப்புக்காற்றில் இரும்பு ஆணியின் துரு துணியைத் தின்று ஓட்டை போட்டுவிடும்.

தொங்கவிடும்போது பிரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் கோர்க் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் வெளிச்சுவர் வியர்க்கும், காற்றோட்டமில்லாத முதுகில் பூஞ்சை படரும். உட்சுவராக இருந்தால் இன்னும் நல்லது. பிரேம் போடுகிறவர் கண்ணாடியை நேரே படத்தின் மேல் வைத்துவிடுவார். இடையில் ஐந்து மில்லிமீட்டர் சட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். சுவாமிப் படங்களோடு வரிசையில் மாட்டி, கீழே விளக்கும் ஊதுபத்தியும் கற்பூரமும் வைப்பது நம் வழக்கம். கற்பூரப் புகைக்கரி ஈரமான வர்ணத்தில் ஏறினால் கழுவி எடுக்க முடியாது. ஈரப் பூமாலையும் வேண்டாம். விளக்கேற்ற அந்த அந்தியேட்டிப் பிரதி இருக்கட்டும், ஓவியத்துக்கு எதிர்ச்சுவர்.

எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிய வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு வெளியேறும். குவிந்த துணிக்குள் அந்தச் சூடு அடைபட்டுத் தானாகவே தீப்பிடிக்கும், தகரக் கூரைக் கொட்டிலில் பகல் சூடு வேறு சேரும். வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது மூடியுள்ள தகர டின்னில் தண்ணீர் ஊற்றி அதற்குள் போடுங்கள்.